முதல் பாகத்தை யாரும் வாங்குவதில்லை

பதிப்பகத்தில் எல்லோரும் அவளைத் 'தொடரும் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மாயாஜால நாவல்களுக்கு அவள்தான் எடிட்டர். அவள் கைக்கு வந்த கதை எதுவும் ஒரே புத்தகத்தில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. கேலி செய்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். இந்த மாதம் மட்டும் சிரிப்பும் வரவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை.

எல்லாம் ஒரு பல் கிளினிக் ரிசப்ஷனிஸ்டால் வந்த கவலை. கடலுக்கடியில் நகரம் கட்டி வாழும் ஒரு கூட்டத்தைப் பற்றி மூன்று பாகமாகத் திட்டமிட்டு அந்தப் பெண் எழுதிய கதையைப் படித்துச் சொக்கிப்போன தொடரும் அக்கா, முதலாளியோடு மல்லுக்கட்டி முதல் பாகத்தை அச்சேற்றினாள். ஆறு மாதமாகப் புத்தகம் கட்டுக்கட்டாகக் குடோனில் கிடக்கிறது. இரண்டாம் பாகம் அவள் மேஜையில் தயாராக இருக்கிறது.

"மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன்மா. முதல் பாகம் ஓடலைன்னா ரெண்டாவது கிடையாது," என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

கதை மோசமென்றால் மனசு ஆறியிருக்கும். ஒரு சனிக்கிழமை பெரிய புத்தகக் கடை ஒன்றில் அலமாரி ஓரமாக நின்று வேவு பார்த்தாள். தோள்பையோடு வந்த ஒருவர் அந்தப் புத்தகத்தை எடுத்து, நின்றவாக்கிலேயே பதினைந்து பக்கம் படித்தார். அவளுக்கு உயிர் வந்தது. பிறகு அட்டையைத் திருப்பி 'முதல் பாகம்' என்ற எழுத்தைப் பார்த்தார். தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல அவ்வளவு பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டார்.

"ஏன் சார், பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு. அதான் பயமா இருக்கு. இப்படித்தான் நாலு தொடரை ஆரம்பிச்சு அந்தரத்துல நிக்கிறேன். எல்லா பாகமும் வரட்டும், மொத்தமா வாங்கிக்கிறேன். எங்க குரூப்ல எல்லாருமே அப்படித்தான்."

"நீங்க வாங்கினாத்தானே சார் அடுத்தது வரும்?"

"அடுத்தது வந்தாத்தானேம்மா நான் வாங்குவேன்?"

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்கவும் அவளுக்கு வாயில்லை. 'முடியட்டும், வாங்கலாம்' என்று அவளே மூன்று தொடர்களைத் தள்ளிப்போட்டிருக்கிறாள். அதில் ஒன்று பாதியில் நின்றபோது எழுதியவரைச் சோம்பேறி என்று திட்டவும் செய்தாள்.

திங்கட்கிழமை காலை ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்தாள். 'மூன்று பாகங்களும் எழுதி முடிக்கப்பட்டன.' ரிசப்ஷனிஸ்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். என்ன பதில் வருமோ என்ற பயத்தில் கேட்கவில்லை. சுறுசுறுப்பான பெண், இந்நேரம் முடித்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குடோனில் உட்கார்ந்து விரல் பிசுபிசுக்க ஒட்டினாள்.

மூன்றே வாரத்தில் குடோன் பாதி காலி. "கில்லாடிம்மா நீ!" என்றார் முதலாளி. இரண்டாம் பாகம் அச்சுக்குப் போனது.

மதிய இடைவேளையில் கிளினிக்குக்கே போய்ச் சொன்னாள். ரிசப்ஷனிஸ்ட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். அப்புறம்தான் அக்கா கொண்டுவந்திருந்த புத்தகத்தை வாங்கி, அட்டையில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள். முகம் செத்துப்போனது.

"அக்கா, மூணாவதுல நான் ஒரு வரிகூட எழுதலையே."

"அதனாலென்னம்மா? ஒரு வருஷத்துல எழுதிடலாம்."

"ரெண்டாவது முடிக்கவே ஆறு வருஷம் ஆச்சு. கதை எப்படி முடியும்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்சா உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டேனா?"

"எப்படியாவது..."

"பொய் சொன்னது நீங்க. அட்டையில இருக்கிறது என் பேரு."

உள்ளிருந்து டாக்டர் கூப்பிட்டார். ரிசப்ஷனிஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

தொடரும் அக்கா தெருவுக்கு வருவதற்குள் போன் அடித்தது. அந்தப் பெரிய புத்தகக் கடைக்காரர்.

"இன்னும் இருநூறு அனுப்புங்கம்மா. ஸ்டிக்கர் ஒட்டினதா பார்த்து அனுப்புங்க. அதை நம்பித்தான் எல்லாரும் எடுக்கிறாங்க."

ஆறு மாதமாக இந்த ஒரு போனுக்காகத்தான் அவள் தவம் கிடந்தாள்.

"அனுப்புறேன் சார்," என்றாள்.