வாய் வைத்துக் குடிக்கும் டீ

மூடியைத் திறந்ததும் முதலில் பன்னீர் ரோஜா வாசம் வரும். மூக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டால் தேயிலையின் காரமான, லேசாகப் புகை படிந்த வாசம். அறுபதுகளில் எங்கள் நெய்வேலி 'குவார்ட்டர்ஸ்' சமையலறையில் இருந்த அந்தத் தகர டப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அனல்மின் நிலையத்தில் ஹெல்பர். 'பர்மனென்ட்' ஆகி, வீடும் கிடைத்து, பக்கத்துக் கிராமத்துச் சேரியிலிருந்து நாங்கள் நகரியத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனிக் குவளை வைத்திருந்த கிராமம் அது. இங்கே அப்படியில்லை, எல்லா மாவட்டத்துக்காரர்களும் ஒரே வரிசையில் குடியிருந்தோம், வேலியோரம் நின்று மணிக்கணக்கில் பேசினோம், எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை எல்லார் வீட்டு ரசத்திலும் மிதந்தது. ஆனால், "ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்று அம்மா கூப்பிட்டால் மட்டும் எல்லாரும் "இப்பதான் குடிச்சேன்" என்று நழுவிவிடுவார்கள். நம் வீட்டில் ஒருத்தராவது கை நனைக்க மாட்டார்களா என்பது அம்மாவின் தீராத ஏக்கம்.

அந்தச் சமயத்தில், வேலை முடிந்து நாடு திரும்பிய ருஷ்ய இன்ஜினியர் ஒருவர் அப்பாவுக்கு ஒரு பொட்டலம் தேயிலை கொடுத்துவிட்டுப் போனார். சீயக்காயோடு அரைப்பதற்காக அம்மா எங்கள் வாசல் செடியின் பன்னீர் ரோஜா இதழ்களை நிழலில் உலர்த்திப் போட்டு வைத்திருந்த டப்பாவில், அப்பா உள்ளே பார்க்காமல் தேயிலையைக் கொட்டி மூடிவிட்டு 'ஷிப்ட்'டுக்குப் போய்விட்டார். சில நாள் கழித்துத் திறந்த அம்மா, "கண்ணு என்னா பொடனியிலயா இருக்குது?" என்று அவரை ஒரு பிடி பிடித்தாள். பிரித்தெடுக்கவும் முடியாது, கொட்டவும் மனசில்லை. பால் ஊற்றக் கூடாதாம் என்று அப்பா மெல்ல முனக, அம்மா அப்படியே வெந்நீரில் போட்டு மூடி, வடிகட்டி, துளி சர்க்கரையோடு கொடுத்தாள். முதல் வாய் துவர்த்தது. விழுங்கிய பிறகுதான் தொண்டையிலிருந்து பூவாசம் மேலே ஏறி வந்தது. அப்பா அசட்டுச் சிரிப்போடு இன்னொரு டம்ளர் கேட்டார்.

பக்கத்து வீட்டுக் கோமதி அத்தை திருநெல்வேலிக்காரர். ஒருநாள் சாயங்காலம் வேலியைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்னத்தக் கொதிக்க வைக்கீங்க? தெருவே மணக்கு!"

அம்மா ஊற்றி, ஆற்றி நீட்டினாள். அத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் அண்ணாந்து, உதடு படாமல், வாய்க்குள் ஊற்றிக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த மணத்தக் காணோமே" என்றார்.

அம்மா முகம் சுண்டவில்லை. "அண்ணாந்து ஊத்திகினா வாசன எப்பிடிங்க தெரியும்? இது வாய வச்சுக் குடிக்கிறவங்களுக்கு உண்டான டீ. புடிக்கலன்னா வச்சிடுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அத்தை டம்ளரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவார், நாளை முதல் வேலியோரப் பேச்சும் இருக்காது என்று நான் பயந்துகொண்டிருந்தபோது, விளிம்பில் உதட்டை வைத்து மெதுவாக உறிஞ்சினார். "எம்மா, என்ன மணம்!" என்றவர், மிச்சத்தையும் அப்படியே குடித்துவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைத்தார்.

பிறகு அந்த வரிசையில் பலரும் வந்தார்கள். அம்மா யாருக்காகவும் இறங்கி வரவில்லை. அண்ணாந்த ஒருத்தி கையிலிருந்து டம்ளரை வாங்கி, மீதியைத் தானே ரசித்துக் குடித்ததும் உண்டு. அப்படி ஒரு அம்மாவுக்குப் பிள்ளையாகப் பிறந்ததில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். ரோஜாச் செடி இருந்த இடத்தில் புல் மண்டிக் கிடக்கிறது. அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை. ரோஜா டீயைக் கடையில் அழகான பெட்டியில் விற்கிறார்கள். வாங்கிக் குடித்தேன், மோசமில்லை. என் வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்தால் டம்ளரை நீட்டிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறேன். அவர்கள் எப்படிக் குடிக்கிறார்கள் என்று நின்று பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. அதை எனக்கும் சேர்த்து அம்மாவே பார்த்து முடித்துவிட்டாள்.