ஒட்டகம் குடிக்காத தண்ணீர்

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று யாரோ சொல்லிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சொன்னவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் தையல் லைனில் என்னைவிட, உங்களைவிட, எல்லாரையும்விடப் பொறுத்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் ஆண்டது ஆஸ்பத்திரியில் சுவரோரமாக ஒரு கட்டில். அதுவும் வாரத்தில் சில நாள்தான். மற்ற நாளில் அதில் வேறு யாராவது படுத்திருப்பார்கள்.

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ஒட்டகம். சட்டைக்குக் கை பொருத்துவது அவள் வேலை. காலர் பொருத்துவது என் வேலை என்பதால் நான் காலர். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின். ஒட்டகம் என்று கூப்பிட்டால் அவளுக்குக் கோபம் வராது. காலையில் மெஷினில் உட்கார்ந்தால், சாப்பாட்டுக்குத் தவிர, சாயங்காலம் மணி அடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். தண்ணீரும் குடிக்க மாட்டாள். சாப்பிட்டு முடித்ததும் பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றி நாக்கை நனைப்பாள், அவ்வளவுதான். நிஜ ஒட்டகமாவது ஒரே மூச்சில் ஒரு தொட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் நடக்குமாம். இவள் அதுகூடச் செய்ததில்லை.

காரணம் எங்கள் மாடிதான். மாடி முழுக்கப் பெண்கள் உட்கார்ந்து தைக்கிறோம். மாடியில் இருக்கும் ஒரே கழிப்பறை ஆண்களுக்கு. கட்டிங் மாஸ்டர், அயர்ன் போடுகிறவர்கள், மெக்கானிக் எல்லாரையும் சேர்த்தாலும் ஒரு வேனில் ஏற்றிவிடலாம். அவர்கள் நினைத்த நேரத்தில் எழுந்து போவார்கள், போன கையோடு ஒரு சிகரெட்டும் பிடித்துவிட்டு வருவார்கள். எங்களுக்குக் கீழே, லாரியில் சரக்கு ஏற்றும் இடத்தைத் தாண்டி, பின்பக்கம். கட்டிடம் கட்டியபோது மாடியில் பெண்கள் வேலை செய்வார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லையாம். தோன்றியபோது இடமில்லையாம்.

போவதற்கு டோக்கன் வேண்டும். லைனுக்கு ஒன்று. சிவப்பு பிளாஸ்டிக் அட்டை, சூப்பர்வைசர் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கும். ஒருத்தி எடுத்துக்கொண்டு போனால் அவள் திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டும். அதைக் கையில் பிடித்தபடி மாடி முழுவதையும் கடந்து, படியிறங்கி, மூட்டை தூக்குகிறவர்கள் முன்னால் நடக்க வேண்டும். அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். திரும்பி வந்தால் சூப்பர்வைசர், "என்னம்மா, வீடு வரைக்கும் போய்ட்டு வந்தீங்களா?" என்பார். எங்கள் கடைசித் தம்பி வயசுகூட இருக்காது அவருக்கு.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும். எனக்கு வாய் உண்டு. "உங்க வீட்டுக்குத்தான் போனேன் சார், கதவு பூட்டியிருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உட்காருவேன். லைன் சிரிக்கும். ஒட்டகம் மட்டும் தலையைத் தூக்காமல், "உனக்கு ஏண்டி வம்பு" என்பாள்.

ஒருநாள் மத்தியானம் கேட்டேன். "எங்கடி கத்துக்கிட்ட இந்த வித்தைய?"

"ஸ்கூல்ல," என்றாள். "பொண்ணுங்க பாத்ரூமை பூட்டி, சாவிய ஹெட்மாஸ்டர் ரூம்ல மாட்டியிருப்பாங்க. உள்ள எப்பவும் நாலு சார் உக்காந்து பேசிட்டிருப்பாங்க. அங்க போய் சாவி குடுங்கன்னு யார் கேப்பா? எங்கம்மா காலைல தண்ணி குடுக்கறத நிறுத்திட்டாங்க. அப்புறம் பழகிடுச்சு."

கல்யாணமாகிப் போன இடத்தில் வரிசையாகப் பல குடித்தனம், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கழிப்பறை. காலையில் ஆண்கள்தான் முதலில். அவர்கள் வேலைக்குப் போக வேண்டுமே. இவளும் வேலைக்குத்தான் போனாள். அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை, அவளும் சேர்க்கவில்லை. தூரப் பயணத்தில் பஸ்ஸை வழியில் நிறுத்தினால் ஆண்கள் இறங்கிச் சாலையோரம் வரிசையாக நின்றுவிட்டு வருவார்கள். பெண்கள் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதையெல்லாம் எந்த பஸ் எங்கே நிற்கும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு வருஷக் கடைசியில் அவளைச் சிறந்த தொழிலாளி என்று மேடைக்குக் கூப்பிட்டார்கள். "இந்தம்மா சீட்டை விட்டு எழுந்து நான் பார்த்ததே இல்லை" என்று மேனேஜர் மைக்கில் சொன்னார். கைதட்டினோம். பரிசாகக் கொடுத்தது என்ன தெரியுமா? தண்ணீர் பாட்டில். பளபளவென்று எவர்சில்வர், திருகு மூடி. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஒட்டகமும் சிரித்தாள். அவள் வாழ்க்கையில் வாங்கிய முதல் பரிசு அது.

அதற்குள் உடம்பு கெட ஆரம்பித்திருந்தது. எரிச்சல், இடுப்பு வலி, குளிர்காய்ச்சல். இதெல்லாம் எங்கள் லைனில் யாருக்கு இல்லை? முதலுதவி அறையில் உட்கார்ந்திருக்கும் நர்ஸம்மா, என்ன வலி என்று கேட்பதற்கு முன்பே வலி மாத்திரையை நீட்டுவார். அதை முழுங்கக்கூட ஒட்டகம் ஒரு மூடித் தண்ணீர்தான் எடுப்பாள். பிறகு சாயங்காலமானால் கால் வீங்கியது. செருப்பின் வாரைத் தளர்த்திக்கொண்டாள்.

"டாக்டரைப் பாருடி," என்றேன்.

"பாக்கணும். பொண்ணு படிப்பு முடியட்டும்."

மகள் மூத்தவள், கெட்டிக்காரி. அடுத்தவன் மகன். "எம்பொண்ணு மட்டும் இந்த லைன்ல வந்து உக்காரக் கூடாது காலர். அதுக்கு நான் விட மாட்டேன்" என்று அடிக்கடி சொல்வாள். விட மாட்டேன் என்ற வார்த்தை அவள் வாயில் வந்தது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். அதையும் விட வைத்தார்கள். இவளுக்கு முடியாமல் லீவு விழ ஆரம்பித்ததும் கணவன் முடிவு செய்துவிட்டான். பெண் படித்தது போதும், தம்பி படிக்கட்டும், நாளைக்குக் குடும்பத்தைத் தாங்கப் போகிறவன் அவன்தானே என்றான். இன்றைக்குத் தாங்கிக்கொண்டிருப்பது யார் என்று அவனைக் கேட்க அந்த வீட்டில் ஆளில்லை. மகள் நூல் வெட்டுகிற ஹெல்பராக எங்கள் லைனுக்கே வந்து சேர்ந்தாள்.

ஆனால் வந்த புதிதில் அவளைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தாகம் எடுத்தால் குடிப்பாள். குடித்தால் எழுந்து நேராகப் போய் டோக்கனை எடுப்பாள், கடைக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவளைப் போல. "இப்பத்தானேம்மா போன?" என்று சூப்பர்வைசர் கேட்டால், "இப்பவும் வருது சார்" என்பாள். லைன் மொத்தமும் குனிந்துகொண்டு சிரிக்கும். ஒட்டகத்துக்கு முகம் சிவந்துவிடும். ஆனாலும் மகள் படி இறங்கும்வரை அவள் கண் பின்னாலேயே போகும். அது வெட்கமா பெருமையா என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான்.

அந்தச் சமயத்தில் ஆடிட் வந்தது. எங்கள் சட்டையை வாங்குகிற கம்பெனி ஆள் அனுப்பித் தொழிற்சாலையைச் சோதிக்கும். அந்த முறை வந்தவர் ஒரு பெண். மாடியிலேயே எங்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று நாங்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது அவர் காதுக்குப் போயிருந்தது. மேனேஜரையும் கூட்டிக்கொண்டு எங்கள் லைனுக்கே வந்தார்.

"டோக்கனெல்லாம் ஒரு ஒழுங்குக்குத்தான் மேடம். யாருக்கும் சிரமம் இல்ல. இவங்கள வேணா கேளுங்க, இங்க ரொம்ப சீனியர்," என்று சூப்பர்வைசர் ஒட்டகத்தைக் காட்டினார்.

எனக்கு மனசு துள்ளியது. சரியான ஆளைத்தான் காட்டுகிறான் மடையன் என்று நினைத்தேன். இவள் பேசக்கூட வேண்டாம். சேலையைக் கொஞ்சம் தூக்கி அந்த வீங்கின காலைக் காட்டினால் போதும், மாடியில் எங்களுக்கு ஒரு கதவு வந்துவிடும்.

மேடம் குனிந்து மரியாதையாகத்தான் கேட்டார். "உங்களுக்குக் கஷ்டமா இருக்காம்மா? பயப்படாம சொல்லுங்க."

ஒட்டகம் எழுந்து நின்றாள். "எனக்கு அந்தத் தேவையே வர்றதில்லைங்க மேடம். இருக்கறதே போதும்."

"எங்களுக்கு வருது மேடம்," என்றேன் நான், மெஷினை நிறுத்திவிட்டு.

சூப்பர்வைசர் சிரித்தார். "இவங்க இப்படித்தான் மேடம், எப்பவும் தமாஷ். இவங்க இல்லன்னா எங்களுக்குப் பொழுதே போகாது." மேடமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த லைனுக்குப் போய்விட்டார்கள். இத்தனை வருஷம் நான் வளர்த்த வாய் எனக்கே ஆப்பு வைத்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்தேன். "ஏண்டி பாவி, உன் நாக்கு அழுகிடுச்சா?"

"நேத்து சூப்பர்வைசர் தனியா கூப்பிட்டாரு," என்றாள். "நான் நல்லபடியா ரெண்டு வார்த்தை சொன்னா, பொண்ண எதுவும் சொல்ல மாட்டாராம். அவ எத்தனை தடவை வேணும்னாலும் போகலாமாம். எனக்கு அது போதும் காலர். நாம அடக்கியே வளந்துட்டோம். அவளாவது போகட்டும்."

எல்லாருக்கும் ஒரு கதவு கேட்டால் கிடைக்காது, தன் மகளுக்கு மட்டும் ஒரு சந்து கேட்டால் கிடைத்துவிடும் என்று அவள் நம்பினாள். எங்களைப் பெற்றவர்களும் இப்படித்தான் ஒவ்வொருத்தியாக நம்பியிருப்பார்கள். எனக்கு அவள்மேல் ஆத்திரமாகவும் இருந்தது, அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம்.

ஆடிட் முடிந்த மறுநாளே டோக்கன் ஆணியிலிருந்து சூப்பர்வைசரின் மேஜை டிராயருக்குள் போனது. வேண்டுமென்றால் இனிமேல் கேட்டு வாங்க வேண்டும். மகள் போய்க் கேட்டாள். அவர் திட்டவில்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். லைன் முழுக்கக் கேட்கும்படி, ரொம்ப அன்பாக, "போய்ட்டு வாம்மா. ஆனா உங்கம்மா ஒருநாளாவது இப்படி வந்து நின்னு பாத்திருக்கியா?" என்றார். அந்தப் பெண் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா கையில் இருந்த சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மகள் டோக்கனை வாங்கிக்கொண்டுதான் போனாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் ஒட்டகம் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். பாதி பொருத்திய சட்டைக் கை ஊசியில் மாட்டியபடி இருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். காலமெல்லாம் தண்ணீர் குடிக்காமல் அடக்கியது, அதனால் திரும்பத் திரும்ப வந்த காய்ச்சல், அதற்கு முழுங்கிய வலி மாத்திரை, எல்லாம் சேர்ந்து செய்த வேலை. இனி இயந்திரம் வைத்துத்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும்.

அதற்குமேல் டாக்டர் ஒன்று சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இனிமேல் அவள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டுமாம். உள்ளே போவது வெளியே வராது, நெஞ்சில் போய்த் தேங்கும், மூச்சை அடைக்கும். நாள் முழுவதற்கும் ஒன்றிரண்டு சின்ன டம்ளர். கையில் பாட்டில் இருந்த காலமெல்லாம் குடிக்காதவளுக்கு, குடிக்கக் கூடாது என்று ஆன பிறகு தாகம் வந்தது. அப்படி ஒரு தாகம். ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டே படுத்திருப்பாள். "கனவுலகூட குழாய்தான் வருது காலர். தொறந்து விட்டுட்டு பக்கத்துலயே உக்காந்திருக்கேன்" என்றாள்.

அவளுடைய மெஷினில் மகள் உட்கார்ந்தாள்.

போன வாரம் வேலை முடிந்து நானும் மகளும் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போனோம். கணவன் வரவில்லை. அவனுக்கு ஆஸ்பத்திரி வாடை ஒத்துக்கொள்ளாதாம். ஒட்டகத்தின் முகம் ஊதியிருந்தது. மகளைக் கண்டதும் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தாள்.

"மெஷின் எப்படிடி ஓடுது?"

"நல்லா ஓடுதும்மா. சூப்பர்வைசர்கூட இப்ப நல்லா பேசறாரு. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னாரு, தாயைப் போல பிள்ளை நூலைப் போல சேலைன்னு." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள். "லைன்ல எனக்கு ஒட்டகக்குட்டின்னு பேர் வச்சிருக்காங்க."

ஒட்டகம் சிரிக்கவில்லை. கையை நீட்டி மகளின் பையை இழுத்தாள். அந்த எவர்சில்வர் பாட்டில் அதில்தான் இருந்தது. எடுத்தபோது அவள் கை கனத்தில் தாழ்ந்தது. காலையில் வீட்டில் நிரப்பியது விளிம்புவரை அப்படியே இருந்தது. மூடியைத் திருகித் திறந்தாள். உள்ளே இருந்த தண்ணீரை அவள் பார்த்த பார்வையை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"குடி," என்று மகளிடம் நீட்டினாள்.

"வீட்டுக்குப் போய்க் குடிக்கறேம்மா. ரெண்டு பஸ் மாறணும்ல."

"எங்கண்ணு முன்னாடி குடிடி. பாட்டில் முழுக்கக் குடி. உன் கால்ல விழறேன்." அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

மகள் பயந்துபோய் மூடியில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். நாக்கை நனைத்துக்கொண்டு, பாட்டிலை இறுக்க மூடிப் பையில் வைத்தாள். "போதும்மா. எனக்குத் தாகமே இல்ல."

ஒட்டகம் என் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. "நீயாவது அவளுக்குச் சொல்லு காலர். உனக்கு வாய் இருக்கே."

சொல்ல வாயெடுத்தேன். என் பை மடியில் கனத்துக்கொண்டிருந்தது. டோக்கன் டிராயருக்குள் போனதிலிருந்து என் பாட்டிலும் நிறைந்தபடிதான் வீட்டுக்குத் திரும்புகிறது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வரோம்டி" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.