வெளிப்பக்கம் அவன், உள்பக்கம் நான்

கிளிநொச்சியில் கண்ணாடி துடைத்துப் பிழைத்தவன் நான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அங்கே துடைக்கக் கண்ணாடி எங்கே இருந்தது என்று கேட்கிறார்கள். இருந்தது. சண்டை நின்று கண்டி வீதி திறந்ததும் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி லொறி லொறியாகச் சாமான் வந்தது. வைக்கோலுக்குள் நிறுத்திக் கட்டிய கண்ணாடியும் வந்தது. பலகை யன்னலையே பார்த்திருந்த ஊரில் அலுவல் பார்க்கிற புதுக் கந்தோர்களுக்கும் விருந்தினர் விடுதிகளுக்கும் ஆளுயரக் கண்ணாடி போட்டார்கள். வீதியில் ஒரு வாகனம் போனால் போதும், செம்புழுதி எழும்பி அவ்வளவு கண்ணாடியிலும் அப்பிக்கொள்ளும். துடைக்க ஆள் வேண்டியிருந்தது.

நானும் அவனும் ஒரு கட்டடத்தில் மேசனுக்குச் சாந்து குழைத்துக் கொடுத்தவர்கள். வேலை முடிந்தபோது கண்ணாடியெல்லாம் பெயின்ற் சொட்டும் சீமெந்துத் துளியுமாகக் கிடந்தது. கட்டடத்தை ஒப்பந்தம் எடுத்திருந்த கொந்தராத்துக்காரர் ஆளுக்கொரு சவர பிளேட்டைத் தந்து சுரண்டச் சொன்னார். கீறல் விழாமல் சுரண்டியது நாங்கள் இரண்டு பேரும்தான். அன்றிலிருந்து எங்களுக்குக் கண்ணாடிக்காரர் என்று பேர் வந்தது. அவன் துணுக்காய்க்காரன், வயல் செய்கிற குடும்பம். என் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துப் பாசனக் காணிக்கு வந்து குடியேறியவர்கள். வயது கிட்டத்தட்ட ஒன்று. மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம்.

பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டிப் பலகை விளிம்பில் ஆணியடித்து, தண்ணீர் வழிக்கிற தடியை அவன்தான் செய்தான். வேலை செய்யும் முறையை நான் வகுத்தேன். ஒரே கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர், ஒரே நேரத்தில், மேல் மூலையிலிருந்து தொடங்க வேண்டும். அழுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணாடி சொல்லாது. கறையைக் கண்டவன் முதலில் தன் பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும். தன்னுடையது இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றவனுக்கு விரலால் காட்டலாம். சட்டம் போட்டவன் நான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் எப்போதும் வெளியே ஏணியில் நிற்பான். நான் உள்ளே மேசையில் ஏறி நிற்பேன். முதல் நாளே, உனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, நீ உள்ளே நில் என்று சொல்லிவிட்டான். வீதியில் போகிற வருகிறவர்களோடு கதைக்க ஆசைப்பட்டுத்தான் வெளியே நிற்கிறான் என்று நான் நினைத்தேன். அவனுக்கு வாய் ஓயாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றும் என்னோடு கதைப்பான். சத்தம் வராது, வாய் மட்டும் அசையும். ஒரு முழ தூரத்தில் ஒரு மனிதனின் முகத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு, அவன் சொல்வது ஒன்றும் கேளாமல் தலையாட்டிக்கொண்டு நிற்பது எனக்கு எரிச்சலாக இருக்கும். பிறகு தேத்தண்ணிக் கடையில் அதே கதையை முதலிலிருந்து சொல்வான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிற சுபாவம். வாயை மூடடா என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அவன் சிரித்துவிட்டு மிச்சக் கதையைச் சொல்வான்.

இப்படி ஒரு வருசத்துக்கு மேல் போனது. பிறகு அந்த மண்டப வேலை வந்தது. வெளிநாட்டு ஆட்கள் கூட்டத்துக்கு வருகிறார்கள் என்று புது மண்டபம் ஒன்றை அவசரம் அவசரமாக முடித்தார்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. இரண்டு நாள் நின்று துடைத்தோம். மூன்றாம் நாள் காலை, மண்டபத்துக்குப் பொறுப்பாக இருந்த அம்மா பார்க்க வந்தா. கண்டிப்பானவா, ஆனால் மரியாதையாகக் கதைக்கிறவா. கூட ஏழெட்டுப் பேர். நான் உள்ளே அவாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் வெளியே ஏணியை மடக்கிக்கொண்டு நின்றான். வெயில் சாய்வாக விழுந்தபோது நடுக்கண்ணாடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மங்கல் தெரிந்தது. இதென்ன தம்பி என்று அவா கேட்டா.

நான் நகத்தை வைத்துப் பார்க்கவில்லை. கிட்டக்கூடப் போகவில்லை.

"அது வெளிப்பக்கம் மிஸ். அவன்ரை வேலை. அவனுக்குக் கதைதான் கூட" என்றேன், எல்லாருக்கும் கேட்கத் தக்கதாக. கதவு திறந்திருந்தது. அவனுக்கும் கேட்டிருக்கும்.

அவன் துணியை எடுத்துக்கொண்டு வந்து அந்த இடத்தைத் துடைத்தான். மங்கல் போகவில்லை. வாயால் ஊதித் திரும்பத் துடைத்தான். போகவில்லை. என்னைப் பார்த்தான். பிறகும் துடைத்தான், ஒரே இடத்தை, வட்டம் வட்டமாக. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே யாரோ சிரித்தார்கள். பொறுத்துப் பார்த்த அம்மா முன்னால் போய்ச் சுட்டுவிரலால் அந்த மங்கலைத் தொட்டா. அவாவின் விரலில் எண்ணெய் வந்தது. முந்தின நாள் மத்தியானம் களைப்பில், நல்லெண்ணெய் வைத்த தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு நின்றது நான்தான்.

அவா விரலைக் கைலேஞ்சியில் துடைத்துக்கொண்டு அடுத்த கண்ணாடிக்குப் போனா. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் அன்று ஒரு வார்த்தையும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பின்னேரம் சைக்கிளை எடுக்கும்போது வழக்கம்போல, வாறன் மச்சான் என்றான். அவன் கோபித்திருந்தால் நான் தப்பியிருப்பேன். திருப்பிக் கோபித்து, நாலு வார்த்தை ஏசி, அடுத்த நாள் ஒன்றாகத் தேத்தண்ணி குடித்திருப்பேன். அவன் அதற்கு இடம் வைக்கவில்லை. நாளைக்கும் நாளையன்றைக்கும் அந்த முகத்துக்கு நேரே, ஒரு முழ தூரத்தில் நிற்க வேண்டும் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. வேறு வேலை என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்யலாம். இந்த வேலையில் அது முடியாது.

அடுத்த நாள் விடியப் போய்க் கொந்தராத்துக்காரரிடம், இனி நான் தனியாகச் செய்கிறேன், இரண்டு பேர் தேவையில்லை என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், காரணம் கேட்கவில்லை. அவனிடம் அவரே சொன்னாராம். அவன் துணுக்காய்க்குத் திரும்பிப் போய் வயலைப் பார்த்தான். எனக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. வந்து ஏசியிருக்கலாம்.

தனியாகச் செய்யத் தொடங்கிய முதல் கிழமையிலேயே இரண்டு விசயம் தெரிந்தது. ஒன்று, எனக்கு ஏணி பயம். ஏழாவது படியில் கால் தானாக நடுங்கியது. அவனோடு இருந்த காலம் முழுக்க நான் ஒரு நாளும் ஏணியில் ஏறியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெயில் ஒத்துக்கொள்ளாது என்று அவன் சொன்னது வெயிலைப் பற்றி இல்லை. சாந்துச் சட்டியோடு கட்டடச் சாரத்தில் ஏறி நான் நடுங்கியதை எப்போதோ பார்த்திருக்கிறான். இரண்டாவது, ஒரு கறையைக் கண்டால் உள்ளே ஓட வேண்டும், அங்கே இல்லையென்று திரும்ப வெளியே ஓட வேண்டும். ஒரு கண்ணாடிக்கு நாலு தரம் படியேறி இறங்கினேன்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக மட்டும் துடைக்க வேண்டும். உள்பக்கத்தை இடமிருந்து வலமாக மட்டும். கோடு விழுந்தால், அது நிற்கிறதா படுக்கிறதா என்று பார்த்தாலே எந்தப் பக்கத்துக் கோடு என்று தெரிந்துவிடும். இது பிடிபட்ட அன்று எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. யாருக்காவது சொல்ல வேண்டும் என்று துடித்தேன். கந்தோர்க் காவல்காரரிடம் சொன்னேன். அவர் ஓம் ஓம் என்றுவிட்டு வீதியைப் பார்த்தார். இதைக் கேட்டுத் தலையில் கைவைத்துச் சிரிக்கக்கூடிய ஒரே ஆள் துணுக்காயில் இருந்தான். அன்று மத்தியானம் சோத்துப் பார்சலைப் பாதியில் மடித்து வைத்தேன்.

தனிமை என்றால் வீட்டில் ஆளில்லாமல் இருப்பது என்று நினைத்திருந்தேன். பத்துப் பேர் இருக்கிற அறைக்கு வெளியே ஏணியில் நின்று பாருங்கள். உள்ளே கதைக்கிறார்கள், சிரிக்கிறார்கள், தேத்தண்ணி வருகிறது. அவர்கள் என் பக்கம் பார்க்கிறார்கள், ஆனால் மழை வருமா என்றுதான் பார்க்கிறார்கள். சில நாள் பின்னேரம் கடையில் பாண் கேட்கும்போது குரல் கரகரத்து வரும். விடிந்ததிலிருந்து அதுதான் முதல் வார்த்தையாக இருக்கும். கொந்தராத்துக்காரர் இரண்டு தரம் ஆள் அனுப்பினார். ஒருவன் மெதுவாகத் துடைக்கிறான் என்றும் மற்றவன் கதைக்கவே மாட்டேன் என்கிறான் என்றும் குறை சொல்லி அனுப்பிவிட்டேன். கதைக்கவில்லை என்று நான் குறை சொன்னதைத் துணுக்காயில் இருந்தவன் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

பிழை என்னுடையது என்று அவன் முகத்துக்கு நேரே ஒரு தரம் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மூன்று தரம் புறப்பட்டேன். மூன்று தரமும் பஸ்ஸில் மாங்குளம் வரை போய், சந்தியில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஒரு தரம் அவன் வயலில் நிற்பான் என்று எனக்கு நானே சொன்னேன். ஒரு தரம் மழை. ஒரு தரம் காரணமே இல்லை, வெட்கம்தான். இதற்கிடையில் வீதி மூடப்பட்டது, சண்டை திரும்பத் தொடங்கியது.

கடைசியில் துணுக்காயே வீதிக்கு வந்தது. மேற்கிலிருந்து செல் சத்தம் நெருங்க நெருங்க, கூரைத் தகரத்தையும் கதவையும் கழற்றி ரக்ரரில் ஏற்றிக்கொண்டு சனம் கிளிநொச்சிப் பக்கம் வந்தது. அந்த நாட்களில் எனக்குத் துடைக்கிற வேலை இல்லை. மற்றவர்கள் கூரை ஓடுகளைக் கழற்ற, நான் கந்தோர்களின் கண்ணாடியைக் கழற்றி வைக்கோலில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாதையோரமாகப் போய், துணுக்காய் ஆட்களா என்று கேட்டுக்கொண்டே போவேன். மூன்றாம் நாள் பின்னேரம் பரந்தனைத் தாண்டி ஒரு புளிய மரத்தடியில் அவனைக் கண்டேன். மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் சாமான் மூட்டைகளில் இருந்தார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவன் ஒரு பெரிய தறப்பாளைத் தனி ஆளாகக் கட்டப் போராடிக்கொண்டிருந்தான். ஒரு மூலையைக் கட்டினால் மற்ற மூலை காற்றில் பறந்தது.

என்னைக் கண்டதும் நேற்றுப் பிரிந்தவன் மாதிரி, "மச்சான், அந்தத் தலைப்பைப் பிடி" என்றான்.

பிடித்தேன். அவன் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது.

"அண்டைக்கு அந்த மண்டபத்திலை, பிழை என்ரை" என்றேன்.

"அது எனக்குத் தெரியும்" என்றான். கயிற்றை இழுத்து இறுக்கினான். "முதல் தரம் துடைக்கவே தெரிஞ்சிட்டுது, என்ரை பக்கத்திலை ஒண்டும் இல்லையெண்டு. பிறகு ஏன் துடைச்சுக்கொண்டு நிண்டனான்? அந்த நேரத்துக்கை நீயும் உன்ரை பக்கத்தைத் துடைச்சிருந்தால், அழிஞ்சது ஆற்றை பக்கமெண்டு ஆருக்குத் தெரியப்போகுது? நீ கையைக் கட்டிக்கொண்டு நிண்டாய்."

கோபமாகச் சொல்லவில்லை. முடிச்சைப் பிழையாகப் போட்டவனுக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னான். நாலு வருசமாக, கறை எந்தப் பக்கம் என்று தெரியாமல்தான் அவன் துடைத்தான் என்று நினைத்திருந்தேன். எனக்காகத் துடைத்திருக்கிறான். அவ்வளவு பேர் சிரிக்கச் சிரிக்க, நான் துணியை எடுப்பேன் என்று பார்த்துக்கொண்டே துடைத்திருக்கிறான். எனக்கு அழுகை வந்தது. மழையும் வந்ததால் யாரும் பார்க்கவில்லை.

தறப்பாளுக்குக் கீழே அவன் பிள்ளைகளோடு குந்தியிருந்து, நிற்கிற கோட்டையும் படுக்கிற கோட்டையும் பற்றிச் சொன்னேன். தலையில் கைவைத்துச் சிரித்தான். எழும்பும்போது, நாளைக்கு வா, குளிக்க ஒரு மறைப்புக் கட்ட வேண்டும், ஒரு ஆளால் ஏலாது என்றான். கட்டாயம் வருகிறேன் என்றேன்.

அடுத்த நாள் ஒரு கந்தோரில் எட்டுக் கண்ணாடி கழற்றக் கிடந்தது. மத்தியானத்துக்குள் முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். ஒவ்வொன்றும் ஆளுயரம். இரண்டு பேர் என்றால் ஒருவன் வெளியே தாங்க, மற்றவன் உள்ளே யன்னல் சட்டத்தைக் கழற்றுவான். நான் ஒவ்வொன்றுக்கும் வெளியே முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடி, சட்டத்தை நெகிழ்த்திவிட்டுத் திரும்ப வெளியே ஓடினேன். எட்டையும் இறக்கி முடிக்கும்போது பொழுதுபட்டுவிட்டது. விடியப் போவோம் என்று படுத்தேன்.

விடியப் போனபோது புளிய மரத்தடியில் மூன்று அடுப்புக் கல் மட்டும் இருந்தது. இரவு பக்கத்தில் செல் விழுந்ததாம், எல்லாரும் கிழக்கே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு விசுவமடுவில் கேட்டேன், புதுக்குடியிருப்பில் கேட்டேன், சண்டை எல்லாம் முடிந்து வவுனியா முகாமில் கம்பி வேலியோரம் நின்று துணுக்காய் ஆட்கள் எல்லாரிடமும் கேட்டேன். கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. குளிக்கிற மறைப்பை அவன் தனியாகவே கட்டினானா, கட்டவே இல்லையா என்றும் எனக்குத் தெரியாது.