மயில்சாமியின் இரண்டாவது சேனல்

என் அக்கா வீட்டுக்காரர் மயில்சாமி ஏறாத மொட்டைமாடி திருப்பூரில் கிடையாது. ஆபீஸ் ஓரிடம், பனியன் கம்பெனி ஓரிடம் என்று இருப்பவர்களுக்குக் கம்பியில்லாமல் இன்டர்நெட் இணைப்புக் கொடுப்பது அவர் தொழில். இந்த முனையில் ஒரு டிஷ், அந்த முனையில் ஒரு டிஷ், இரண்டும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். ரோட்டைத் தோண்டும்போதெல்லாம் ஃபைபர் அறுந்துபோகிற ஊரில் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. நான் எலக்ட்ரீஷியன், அவருக்குக் கம்பம் நட்டுக் கரண்ட் இழுத்துக் கொடுப்பேன். நடந்ததையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்ததால் எனக்கு வயிறு இன்னும் எரிகிறது.

லைசென்ஸ் தேவையில்லாத ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் ஊரே கத்திக்கொண்டிருக்கிறது. அங்கே யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே இப்படி டிஷ்ஷுக்கு டிஷ் லிங்க் போடுகிற நாலைந்து பேருக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. புதிதாக டிஷ் மாட்டினால், அந்த அலைவரிசைக்குள் எந்தச் சேனல் என்று மற்றவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். எல்லாம் வாய்ச்சொல்தான். அதை மீறினவனுக்கு டீக்கடையில் மரியாதை இருக்காது.

மதுமதி மேடம் ராயபுரத்தில் ஆபீஸும் அருள்புரத்தில் தையல் யூனிட்டும் வைத்திருக்கிற எக்ஸ்போர்ட்டர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் இனி நேரில் வர மாட்டாராம்; தையல் லைனை நேரலை வீடியோவில் பார்த்துத்தான் சரக்குக்கு ஓகே சொல்வாராம். அந்த வீடியோ நிற்காமல் ஓடினால் கம்பெனியின் எல்லா யூனிட்டுக்கும் லிங்க் போடும் வேலை மச்சானுக்கு என்றார் மேடம். சொந்தமாகக் கடை போடலாம் என்று அக்கா இடம்கூடப் பார்த்து வைத்தாள்.

மச்சான் தினமும் ராயபுரம் மாடியில் ஏறி, எந்தச் சேனலில் அடுத்தவர் சிக்னலின் இரைச்சல் குறைவு என்று ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அறுவது கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்திருக்குதாமே மச்சா, அதப் போட்டா எரைச்சலே இல்லியாமா?"

"ரெண்டு தெருவுக்குன்னா போடலாம் மாப்ளே. அருள்புரத்துக்கெல்லாம் எட்டாது. மழ பேஞ்சா படுத்துக்கும்."

"அப்ப இதுலயே அகலமான சேனலாப் போடுங்க, வேகமாச்சும் வரட்டும்."

"அகலமா வாயத் தொறந்து வெச்சா ஊர்ச் சத்தமெல்லாம் உள்ள வந்துரும். பையருக்குப் படம் நிக்காமத் தெரிஞ்சாப் போதும். சேனலச் சின்னதாக்கிட்டு டிஷ்ஷப் பெருசாப் போடறேன்."

ஒரு சேனலைத் தேர்ந்தெடுத்தார். அது கெட்டால் மாறிக்கொள்ள இன்னொன்றையும் பார்த்து வைத்தார். முதலாவதை வழக்கம்போல எல்லோருக்கும் சொன்னார். இரண்டாவதை லிங்கசாமியிடம் மட்டும் சொன்னார். லிங்கசாமியும் இதே தொழில்தான். கேபிள் டிவி காலத்திலிருந்து மச்சானோடு ஒரே ஏணியில் ஏறினவன். "அவன் காதுல போட்டு வெச்சா, அந்தச் சேனல்ல யாரும் வராமப் பாத்துக்குவான்" என்றார். அட, இப்படியும் ஒரு வெள்ளந்தி மனுஷன்!

பையர் வீடியோவுக்கு வந்தார். தையல் லைன் பளிச்சென்று தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் படம் உறைந்தது. மச்சான் பதறாமல் இரண்டாவது சேனலுக்கு மாற்றினார். படம் வந்தது, வந்த சூட்டோடு அதுவும் செத்தது. முதலாவதுக்கே திரும்பினால் இரைச்சலும் பின்னாலேயே வந்தது. சேனல் எதுவென்று தெரியாத ஒருவன் ஸ்கேன் போட்டுத் தேடியிருந்தால் இவ்வளவு சீக்கிரம் துரத்த முடியாது. பையர் பொறுத்துப் பார்த்துவிட்டு இணைப்பைத் துண்டித்தார். மேடம் எழுந்து போனார்.

நாங்கள் ராயபுரம் மாடிக்கு ஓடினோம். எங்கள் டிஷ் பார்க்கிற திசையில், கொஞ்சம் தள்ளி ஒரு லாட்ஜ் மாடியில் புது டிஷ் ஒன்று எங்களையே பார்த்து நின்றது. எங்கள் டிஷ்ஷுக்குப் பின்னால் இருப்பது தண்ணீர்த் தொட்டியின் கான்கிரீட் சுவர். அதைத் தாண்டி ஒரு சிக்னலும் போகாது. அப்படியென்றால் அந்த டிஷ்ஷுக்கு எதிர்முனையே கிடையாது. எங்கள் மேல் இரைச்சலைக் கொட்டுவதற்கென்றே மாட்டியிருந்தார்கள்.

நான் லாட்ஜுக்குப் போய் வாட்ச்மேனைக் கேட்டேன். "லிங்கசாமியண்ணன் மாட்டுனதுங்க. இத்தன நேரம் மேலதான் லேப்டாப்பு வெச்சு உக்கோந்திருந்தாருங்க" என்றார்.

திரும்பி வந்து மச்சானிடம் சொன்னேன். நான் கடப்பாரையைத் தூக்கினேன், அந்த டிஷ்ஷை நொறுக்க. "வேண்டா மாப்ளே" என்று கையைப் பிடித்து நிறுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏன்டா லிங்கா இப்படிப் பண்ணுனே?"

"தப்பா எடுத்துக்காத மயிலு. எனக்கும் புள்ளகுட்டி இருக்குதல்ல? தொழில்னு வந்துட்டா பழக்கமெல்லாம் பாக்க முடியாது."

துரோகி! குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. மச்சான் போனை வைத்துவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லி, லாட்ஜ் டிஷ்ஷின் படத்தையும் காட்டினோம். அவர் அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியுங்ண்ணா. உங்க லிங்க்க யாரு வேணாலும் படுக்க வெச்சர்லாம்னு லிங்கசாமியண்ணன் முன்னாடியே சொன்னாருங்க. சொன்ன மாதிரியே படுத்துருச்சு. அவரு வேற யாரும் உள்ள வர முடியாத, லைசென்ஸ் வாங்குன சேனல்ல போட்டுத் தர்றேன்னாரு, சரின்னுட்டேன்."

"யாரு வேணாலும் இல்லீங்க மேடம்." மச்சான் சொன்னார். "என்ற ரெண்டாவது சேனலு அவன் ஒருத்தனுக்குத்தானுங்க தெரியும். நம்பிச் சொன்னேனுங்க."

"அதத்தானுங்ண்ணா நானும் சொல்றேன். நம்பிச் சொன்ன ஒருத்தரே படுக்க வெக்கற லிங்க்க நான் எப்படி நம்பறது?" என்றார் மேடம்.