மலையேறிய நாற்காலி

புற்றுநோயாளிகளின் சிகிச்சைக்கு நிதி திரட்ட ராஜபாளையம் சஞ்சீவி மலையில் பலர் ஏறினோம். அங்கேதான் அந்த அம்மாவைச் சந்தித்தேன். அவரே அந்த நோயிலிருந்து மீண்டவர். தலையில் புதிதாக முளைத்த குட்டை முடி, காலில் மகளுடைய ஷூ. எதைச் சொன்னாலும் சொல்லி முடித்ததும் சிரிப்பார். மனைவி களைத்தால் உட்காரட்டும் என்று அவர் கணவர் மம்சாபுரத்து வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுமந்து வந்திருந்தார். பாதி வழியில் அவருக்கே மூச்சு வாங்கியது. கூட வந்த மகள் அவரை அதில் உட்கார வைத்தாள்.

"நீங்களும் செத்த நேரம் உட்காருங்களேன்" என்றேன் அந்த அம்மாவிடம்.

"வேண்டாம் சார். நான் சீக்குல கெடந்தப்ப அம்புட்டையும் இவியதான் பாத்தாக. இன்னைக்குத்தான் எனக்கு ஒரு வேல கெடச்சிருக்கு" என்று சிரித்தபடி, முந்தானையால் கணவருக்கு விசிறினார்.

பிறகு நாற்காலியைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஏறினார். பெயரைக் கேட்கலாமென்று எட்டி நடந்தேன். உச்சிவரை அவரைப் பிடிக்க முடியவில்லை.