கோலத்துக்காக ஒடித்த ஹேண்டில்பார்

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி ஜவுளிக்கடை வேலைக்கு வெயிலோ மழையோ பனியோ, சைக்கிளில்தான் போவேன். போன மார்கழியில் ஒரு காலை, பக்கத்துத் தெருவில் பாதி ரோட்டை அடைத்து ஒரு புதுக் கோலம். மிதிக்க மனம் வராமல் ஹேண்டில்பாரை நடுரோட்டுப் பக்கம் ஒடித்தேன். பனிமூட்டத்தில் பின்னால் வந்த பால் வேன் இடித்ததில் கோலத்தின் மேலேயே விழுந்தேன். மணிக்கட்டு உடைந்துவிட்டது.

கோலம் போட்ட அம்மாள் வாசலிலிருந்து ஓடி வந்தார்.

"பாத்து வரக்கூடாதாங்க? குளிர்ல உட்கார்ந்து போட்டது, இப்படி நாசமாயிடுச்சே!"

என்னைத் தூக்கி உட்கார வைத்தது வேன் டிரைவர்தான்.

கை கூடிவிட்டது. இந்த மார்கழியிலும் அதே தெருவழியாகத்தான் போகிறேன். எந்தக் கோலத்துக்கும் ஒதுங்குவதில்லை. அந்த அம்மாள் தினமும் திட்டுகிறார். மாவு ஒட்டிய டயரோடு மணியடித்தபடி நேராகப் போய்விடுகிறேன்.