ஆர்டிஸ் சொன்ன பரவாயில்லை

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில் ஆர்டிஸ் டோலஃப்சன் ஓட்டிய பள்ளிப் பேருந்து, இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் தாமதமானதில்லை. முழங்கால் அளவு பனி விழுந்தாலும் ஆறே முக்காலுக்கு முதல் வீட்டு வாசலில் நிற்கும். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவன் இறந்து ஒன்பது வருடமாகிறது. அந்த மஞ்சள் வண்டிதான் அவளுடைய குடும்பம்.

ஐம்பத்தெட்டாவது வயதில் விரல் மூட்டுகள் வீங்கின. முடக்குவாதம் என்றார் டாக்டர். நோயைத் தடுத்து நிறுத்த ஊசி இருந்தது, யானை விலை. இன்ஷூரன்ஸ் கம்பெனியோ, முதலில் மலிவான மாத்திரையைச் சாப்பிடு, அது கேட்காவிட்டால் ஊசியைப் பார்க்கலாம் என்றது. அதற்குள் யாருடைய விரல் கோணிப்போனால் கம்பெனிக்கு என்ன?

மாத்திரை கேட்கவில்லை. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஊரில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், கால் ஒடிந்து கிடப்பவனும் பரவாயில்லை என்றுதான் சொல்வான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆர்டிஸுக்கு இன்னொரு பயமும் இருந்தது. பேருந்து ஓட்ட உடம்பு தகுதி என்று சான்று தருபவரும் அதே டாக்டர்தான்.

பிப்ரவரியில் ஒரு காலை, கதவை இழுக்கும் கைப்பிடி அவள் பிடியிலிருந்து நழுவியது. கதவு மூடிக்கொண்டு, பள்ளி வாசலில் இறங்கிக்கொண்டிருந்த சின்னப் பெண்ணின் பையைக் கவ்வியது. பையை மட்டும்தான். குழந்தை சிரித்தது. ஆர்டிஸ் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு நேராகக் கிளினிக்குக்குப் போனாள்.

அங்கே நோயாளிகளுக்காக இன்ஷூரன்ஸ் வேலை பார்க்கும் ஜோலீன், பன்னிரண்டு வருடம் அவள் பேருந்தில் போய்ப் படித்தவள்.

"எனக்கு அந்த ஊசிய வாங்கிக் குடுடி."

"சட்டம் நம்ம பக்கம்தான் இருக்கு, ஆர்டிஸ். மாத்திரை கேக்கலன்னு டாக்டர் குறிப்புல இருந்தாப் போதும், கம்பெனி ஊசி குடுத்தே ஆகணும். அஞ்சு நாள்ல பதில் சொல்லணும். ஆனா நீங்க சொல்லி வச்சிருக்கிறதக் கேளுங்க." திரையைப் பார்த்து வாசித்தாள். "மே மாசம், பரவாயில்லை என்கிறார். ஜூலை, பரவாயில்லை என்கிறார். செப்டம்பர்…"

"போதும்டி."

"இத அனுப்பினா, மாத்திரைதான் நல்லா வேலை செய்யுதேம்பாங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே மாநிலமே சட்டம் போட்டு வரம் கொடுத்திருந்தது. குறுக்கே நின்றது அவள் வாய்.

"இப்ப உண்மையச் சொன்னா?"

ஜோலீன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஊசி கிடைக்கும். டிரைவர் சான்று கிடைக்காது."

ஆர்டிஸ் குனிந்து தன் ஷூவைப் பார்த்தாள்.

"ஒண்ணாங்கிளாஸ்ல நீ ஷூவ மாத்திப் போட்டுட்டு வருவ. நான்தான் கழட்டிச் சரியா மாட்டி விடுவேன்."

"ஞாபகம் இருக்கு."

"இப்ப என் ஷூக் கயிற என்னால கட்ட முடியல. இன்னைக்குப் பை மாட்டுச்சு. நாளைக்கு அந்தப் புள்ளையோட கை மாட்டும். டாக்டரக் கூப்பிடு, எல்லாத்தையும் சொல்றேன்."

சொன்னாள். சொல்லும்போது அழுதாள். கணவனைப் புதைத்த அன்றுகூட ஊரார் முன்னால் அழாதவள்.

நான்காம் நாள் ஒப்புதல் வந்தது. அதே நாளில் பேருந்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். கோடைக்குள் வீக்கம் வடிந்தது, வலியும் குறைந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் மடங்கினது மடங்கினதுதான்.

"மே மாசமே சொல்லியிருந்தா?" என்று ஒருநாள் கேட்டாள்.

ஜோலீன் பொய் சொல்லவில்லை. "நிமிந்திருக்கும்."

செப்டம்பரில் பள்ளி திறந்த காலை, ஆர்டிஸ் சாலையோரம் வந்து நின்றாள். பேருந்து ஏழு நிமிடம் தாமதமாக வந்தது. ஜன்னல்களில் பிள்ளைகள் கையாட்டினார்கள். அவளும் கையைத் தூக்கினாள், இரண்டு விரல் மடங்கியபடியே. புது டிரைவர் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தான்.

"எப்படி இருக்கீங்க, ஆர்டிஸ்?"

பழைய பதில் உதடுவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"கை தேவல. வண்டியப் பாத்தாத்தான் வலிக்குது."